அந்தக் கணக்கில் மூன்று பேர் நான்

நீங்கள் எனக்கு வேலை கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொன்னீர்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அம்பத்தூரில் ஒன்று, ஆவடியில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று.

வேலைவாய்ப்பு முகாம் மேடையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்று ஆணை கொடுத்த அதிகாரியைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியும். இதில் எழுத மாட்டேன். என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று முறையும் நீங்களே அதை மைக்கில் வாசித்தீர்கள். மூன்று முறையும் நான் படியேறி வந்தேன். என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தீர்கள். மூன்று போட்டோவிலும் நான் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டையில் நிற்கிறேன். அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

பூந்தமல்லி முகாம் முடியும்போது ஒரு எண்ணைச் சொன்னீர்கள். இந்த மூன்று ஊர்களிலும் சேர்த்து இத்தனை பேருக்கு வேலை கொடுத்தாகிவிட்டது, இனி இந்தப் பக்கம் வேலை இல்லாதவன் என்றால் வேலை செய்ய மனமில்லாதவன் என்றுதான் அர்த்தம் என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லாரும் தட்டியதால். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. அது எவ்வளவாக இருந்தாலும் அதில் மூன்று பேர் நான். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. இன்றைக்கும் இல்லை.

நான் லேத் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் நின்றேன். அதற்கு முன் ஆவடி. அப்பா ராணுவத்துக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர்கள், வேலூர்க்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். சாப்பாடுதான் வேறு வேறு, நம்பிக்கை ஒன்றுதான். பையன் ஐ.டி.ஐ. முடித்தால் அப்ரண்டிஸ் எடுப்பார்கள், அப்ரண்டிஸ் முடித்தால் உள்ளே எடுப்பார்கள். என்னை அப்ரண்டிஸ் எடுத்தார்கள். உள்ளே எடுக்கவில்லை. எங்கள் பேட்ச் மொத்தமும் வெளியே வந்தது. அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோவில்பதாகைக்குக் குடிவந்தோம்.

அது அப்போது ஒரு பெரிய துக்கமாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே அம்பத்தூர் இருந்தது. எஸ்டேட்டுக்குள் நடந்து போனாலே போதும். கேட்டுக்குக் கேட்டு ஒரு கரும்பலகை தொங்கும். டர்னர் தேவை, ஃபிட்டர் தேவை, கிரைண்டர் தேவை. சாக்பீஸில்தான் எழுதியிருப்பார்கள், ஆள் கிடைத்ததும் அழிக்க வேண்டுமே. காலையில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வெளியே வந்தவன் மத்தியானச் சாப்பாட்டை அடுத்த தெருக் கம்பெனியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் நானே ஒரு தடவை அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் சாக்பீஸ் போய் பெயின்ட் வந்தது. ஒப்பந்த அடிப்படையில் ஹெல்பர்கள் தேவை என்று சுவரிலேயே எழுதிவிட்டார்கள். வேலை பெருகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. அழிக்கத் தேவையில்லாததால்தான் பெயின்டில் எழுதினார்கள். வந்தவன் நிற்க மாட்டான், நிற்கவும் விட மாட்டார்கள், ஆகவே எப்போதும் ஆள் தேவை. அதற்கும் அப்புறம் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஆள் தேவை என்று இல்லை. இடம் வாடகைக்கு என்று இருந்தது.

சாக்பீஸ், பெயின்ட், ஃப்ளெக்ஸ். எங்கள் பக்கத்து வேலை நிலவரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த புள்ளிவிவரம் அவ்வளவுதான். நீங்கள் மேடையில் திரை கட்டி ஏறுகிற கோடு, இறங்குகிற கோடு எல்லாம் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அந்தக் கோட்டைத் தினமும் சைக்கிளில் கடந்தவன்.

எங்கள் பட்டறைக்கும் ஃப்ளெக்ஸ் வந்தது. கார் கம்பெனிக்கு புஷ் என்கிற சின்ன இரும்பு வளையம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கம்ப்யூட்டரில் ஓடும் லேத் வைத்திருக்கிற ஆட்களிடம் போய்விட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கண்கலங்கி அனுப்பினார். இப்போது அந்த ஷெட் பேட்மின்டன் விளையாடும் இடமாக இருக்கிறது. என் லேத் நின்ற இடத்தில் வலை கட்டியிருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் சாயங்காலம் வந்து காசு கொடுத்து வியர்க்கிறார்கள். நாங்கள் அங்கே காசு வாங்கிக்கொண்டு வியர்த்தோம்.

முதல் முகாமுக்கு நானும் என் சிநேகிதனும் போனோம். பதினைந்து வருஷம் பக்கத்து லேத்தில் நின்றவன், ஐயப்பன்தாங்கல்காரன். அம்பத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். லேமினேட் செய்த ஐ.டி.ஐ. சான்றிதழையும் பட்டறை முதலாளி எழுதிக்கொடுத்த அனுபவக் கடிதத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனோம். வயதைக் கேட்டார்கள். சொன்னோம். "அடுத்த டேபிள் பாருங்க சார்" என்றார்கள். எங்களைச் சார் என்று யாராவது கூப்பிட்டால் வேலை இல்லை என்று அர்த்தம். அடுத்த மேஜைகளும் அப்படியே சொல்லி, கடைசியில் ஒரு செக்யூரிட்டி கம்பெனி மேஜையில் வந்து நின்றோம். பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்க வேண்டும். பெயர் எழுதிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேடைக்கு ஆள் கூப்பிட்டார்கள். படி ஏறும் இடத்தில் பரீட்சை அட்டையில் தாள்களைச் செருகி வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். "அண்ணா, இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சீக்கிரம்ணா, சார் வெயிட் பண்றாரு" என்றாள். போட்டேன்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்வதற்கு முன்னால். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பட்டறையில் மஸ்டர் நோட்டு கேட்டிலேயே இருக்கும். மணி அடிப்பதற்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் அரை நாள் போய்விடும். பின்னால் நிற்கிறவன் முதுகில் இடிப்பான். நின்றபடியே, பேனாவை வாங்கி, தாளைப் பார்க்காமல், கோடு எங்கே இருக்கிறதோ அங்கே போடுவது. இருபத்தாறு வருஷம் அப்படிப் பழகிய கை. பேனாவைக் கொடுத்துச் சீக்கிரம் என்று சொன்னால் அது தானாகப் போட்டுவிடும். எஸ்டேட்டில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். உங்கள் ஆட்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்டது, பணி நியமன ஆணையைப் பெற்றுக்கொண்டேன், பணியில் சேரச் சம்மதிக்கிறேன் என்பதற்கு. இதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். மேடையில் நீங்கள் கொடுத்த ஆணையை, கீழே இறங்கியதும் அதே பெண் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இது போட்டோவுக்குண்ணா. ஒரிஜினல் தபால்ல வரும்."

என் சிநேகிதன் பெயரையும் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. தேடிப் போனால் பந்தலுக்குப் பின்னால் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறான்.

"இன்னாடா, உன் பேர கூப்ட்டு கூப்ட்டு தொண்ட காஞ்சிட்டாங்க. இங்க இன்னா பண்ற?"

"மாமே, வரிசைல மூணாவது ஆளா கீறேன். இத்த வுட்டா சாம்பார் சாதம் தீந்துடும். வேல எங்க போயிடப் போவுது?"

அவனைத் திட்டினேன். பொறுப்பில்லாதவன் என்றேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. என் மனைவி அதை வெட்டி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் செக்கிங் செய்கிறாள். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்த என் கணவருக்குக் கர்த்தர் வாசலைத் திறந்தார் என்றாள். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் செய்தார். நானும் நின்றேன். தபால் வரவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டார்கள், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார்கள். "டியூட்டி எப்டி போகுது பிரதர்?" பிறகு நான் பின்பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன்.

ஒன்றில் ஏமாந்தவன் ஏன் இரண்டாவதுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். வேலை இல்லாதவன் வேறு எங்கே போவான்? சிநேகிதன் வர மறுத்துவிட்டான். "நான் ஒரு தபா போனேன், ஒரு சாம்பார் சாதம் துன்னேன். எனுக்கு அது போதும், நீ போய் வா" என்றான். ஆவடி முகாமில் செம்பரம்பாக்கத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. பூந்தமல்லியில் காப்பீட்டு முகவர். முகவர் என்றால் சம்பளம் கிடையாது, நாலு பேரைப் பிடித்துக் கொடுத்தால் கமிஷன், அவ்வளவுதான். அதையும் வேலை என்றுதான் மேடையில் வாசித்தீர்கள். கிடங்கிலிருந்து அழைக்கிறோம் என்றார்கள், அழைக்கவில்லை. காப்பீட்டு மேஜைக்காரர் மட்டும் கொஞ்சம் நேர்மையாக, "முதல் பாலிசிய நீங்களே எடுத்துக்கலாம் சார்" என்றார். எடுக்க நான் எங்கே போவது.

இதுவரை நடந்ததற்கு நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். கொடுக்காத வேலையைக் கொடுத்ததாகச் சொல்வதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். எனக்குக் கோபம் வந்தது அதற்கு அடுத்துத்தான்.

அம்பத்தூரில் அரசுப் பயிற்சி மையத்தில் ஒரு வகுப்பு அறிவித்தார்கள். மூடிய பட்டறைகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். நாலு மாதம், கம்ப்யூட்டர் லேத் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். முடித்தவர்களை எடுத்துக்கொள்வதாக இரண்டு கம்பெனிகள் எழுதிக்கொடுத்திருந்தன. வயது ஐம்பது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு நாற்பத்தொன்பது. இத்தனை வருஷத்தில் எனக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு அறிவிப்பை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு காகிதம் வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து, இவர் வேலையில் இல்லை என்று ஒரு சான்று.

போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மா என் பதிவு எண்ணைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு முறை தட்டினார்.

"சார், உங்களுக்கு வேலை இருக்கே."

"இல்லீங்க மேடம்."

"மூணு இருக்கு சார்." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று வரிகள் பச்சையில் இருந்தன. "மூணுக்கும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரு வேலை இருந்தாலே சான்று தர முடியாது. உங்களுக்கு மூணு இருக்கு."

"மூணுல ஒண்ணுலகூட நான் ஒரு நாள் போகல மேடம்."

"அப்ப அந்த மூணு கம்பெனியிலயும் நீங்க வேலைல இல்லைன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. எடுத்துடறேன்." அவர் கெட்டவர் இல்லை. என் வயதைப் பார்த்துவிட்டு, கடைசித் தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் வேலையில்லாதவன் என்று நிரூபிக்கிற வேலையில் சேர்ந்தேன்.

காப்பீட்டுக்காரர் எளிதாக முடித்துவிட்டார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மாடியில் அலுவலகம். என்னைப் பார்த்து ஒரு பாலிசி வந்துவிட்டது என்று எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார். இவர் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லாதவர் என்ற பொருளில் இருந்தது. மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன்.

அடுத்து செம்பரம்பாக்கம். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வயலாக இருந்த இடமெல்லாம் தகர ஷெட்டு. விடியும்போதே போனில் ஒரு குரூப்பில் இன்றைக்கு இத்தனை ஆள் என்று போடுவார்கள், முதலில் பதில் போட்டவர்களை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கேட்டில் ஒரு செக்யூரிட்டி.

"ஸ்டாஃப் தவிர யாரையும் உள்ள வுடக் கூடாதுண்ணே."

"நான் ஸ்டாஃப் இல்லன்னு எழுதி வாங்கத்தான்பா வந்துகீறேன்."

"ஸ்டாஃப் இல்லன்னா எப்டி உள்ள வுடறது?"

"உன் லிஸ்ட்டுல என் பேர் கீதா இல்லியான்னு பாரு."

விரலை வைத்துத் தேடினான். நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "கீது. நாலு மாசமா ஆப்சென்ட்டுன்னு போட்ருக்காங்க. இன்னாண்ணே, வயசான ஆளு, வேல குட்த்தா ஒழுங்கா வர மாட்டியா?"

இப்படியாக நான் ஸ்டாஃப் என்பதால் உள்ளே விட்டான். ஆபீசில் இருந்த இளைஞன் மரியாதையாகப் பேசினான். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குத்தான் கடிதம் கொடுக்க முடியும், விட்டுப் போக வேண்டும் என்றால் முதலில் சேர்ந்திருக்க வேண்டும், ஒரு நாளாவது வருகை பதிவாகியிருக்க வேண்டும், சிஸ்டம் அப்படி என்றான். நான் யோசித்தேன். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை வேனில் ஏறினேன். அன்று முழுக்கப் பெட்டி தூக்கினேன். சோப்புப் பெட்டி. இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். என் வருங்காலம் சிறக்க வாழ்த்தியும் இருந்தார்கள். வேலை இல்லை என்று காட்டுவதற்காக வேலைக்குப் போனவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இல்லை, தெரியவில்லை. இன்னும் பலர் இருக்கலாம்.

அதற்கு மூன்று நாள் கழித்து வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வேலை, வேலையின்மை பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம். எங்கள் தெருவில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் வீடும் விழுந்திருக்கிறது. வெயிலில் வந்திருந்தாள், முகம் சிவந்திருந்தது. மனைவி மோர் கொடுத்தாள். கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்து என்னைக் கேட்டாள்.

"போன ஏழு நாள்ல வேலைக்குப் போனீங்களா அங்கிள்?"

"இல்லமா. எனக்கு வேலை இல்ல."

"ஒரே ஒரு மணி நேரமாவது? எந்த நாளாவது?"

எனக்குப் பொய் வராது. அதுதான் என் பிரச்சினை. "செவ்வாய்க்கிழமை ஒரு நாள் போனேன். அது ராஜினாமா பண்றதுக்காக."

அவள் தயங்கினாள். உண்மையிலேயே சங்கடப்பட்டாள். "ஏழு நாள்ல ஒரு மணி நேரம் செஞ்சாலும் வேலைல இருக்கிறவங்கதான் அங்கிள். ரூல் அப்படி. என்னால மாத்த முடியாது." தட்டினாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "இதோட நாலாச்சு. பாஸ்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கலுக்குப் பஸ் ஏறினேன். மீதி இருந்தது செக்யூரிட்டி கம்பெனி ஒன்றுதான். முகாமில் கொடுத்த அட்டையில் பஸ் டெப்போவுக்கு எதிர்ச்சந்து என்று விலாசம் இருந்தது. கீழே பேக்கரி, மேலே ஒரு அறை. பூட்டியிருந்தது. பேக்கரிக்காரர், முகாம் நடந்த மாதம் வாடகைக்கு வந்தார்கள், அடுத்த மாதம் காலி செய்துவிட்டார்கள் என்றார். ஒரு நாற்காலியை விட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். அதில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

சிநேகிதன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"மச்சான், ஊரே வேல இல்லாம அல்லாடுது, நீ ஒருத்தன் மூணு வேலய அமுக்கிகினு குந்திகீற. எனுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

"டேய், வவுத்தெரிச்சல கெளப்பாத."

"சரி, கோச்சிக்காத. அந்த லேத் கிளாஸ் ஃபாரத்த எனுக்கும் ஒண்ணு வாங்கியா. நான்தான் ஒண்ணத்துலயும் கையெழுத்து போடலியே."

வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு நாற்பத்தேழு வயது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதே அம்மா அவன் எண்ணைத் தட்டினார். ஒரு வரியும் வரவில்லை. அஞ்சு நிமிஷத்தில் சான்று கொடுத்துவிட்டார். பொறுப்பில்லாதவன் என்று நான் திட்டிய மனிதனுக்கு சாம்பார் சாத வரிசையில் நின்றதால் இடம் கிடைத்தது. படியேறி வந்து உங்கள் கையால் வாங்கிக்கொண்ட எனக்குக் கிடைக்கவில்லை.

என் இரண்டு கடிதங்களையும் அந்த அம்மா பார்த்தார். இரண்டு பச்சை வரியை எடுத்துவிட்டார். ஒன்று நின்றது.

"செக்யூரிட்டி கம்பெனி லெட்டர்?"

"அந்தக் கம்பெனியே இல்ல மேடம்."

"இல்லாத கம்பெனின்னு யாராவது எழுதித் தரணுமே சார்."

"யாரு தருவாங்க?"

குரலைத் தாழ்த்தினார். "ஆணை கொடுத்தவர் கொடுத்தது செல்லாதுன்னு ஒரு வரி எழுதினா போதும். எனக்கு ஒரு நிமிஷ வேலை. அவர்கிட்டதான் நீங்க கேக்கணும்."

கேட்டேன். திங்கள்கிழமை மனு வாங்கும் நாளில் இரண்டு முறை வரிசையில் நின்று கொடுத்தேன். இரண்டுக்கும் போனில் பதில் வந்தது. மனுதாரர் ஏற்கெனவே பணியில் உள்ளதால் மனு முடித்துவைக்கப்பட்டது. நான்கு வரி மனு எழுதி, அந்த வேலை இல்லை என்பதுதான் மனுவே என்று அடிக்கோடு போட்டிருந்தேன். மனுவைப் படித்தவர் யாரோ, அவரும் என்னை மாதிரி மஸ்டர் நோட்டில் பழகியவராக இருக்க வேண்டும்.

அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. சிநேகிதன் இப்போது வகுப்புக்குப் போகிறான். சாயங்காலம் சில நாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என்னைச் சந்திக்கிறான். நோட்டைத் திறந்து அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததைக் காட்டுகிறான். எந்த எண்ணைத் தட்டினால் டூல் எவ்வளவு நகரும் என்பதெல்லாம். நான் அவனைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறேன். அவனே சொல்கிறான். "நீதான் மாமே அங்க குந்தணும். என்ன பாத்தா மிஷினே சிரிக்குது." இரும்பு எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். எண்ணைத் தட்டினாலும் கைப்பிடியைச் சுற்றினாலும் இரும்பு இரும்புதான். ஆனால் டீக்கடையில் படித்ததற்குச் சான்றிதழ் கிடையாது.

அடுத்த வகுப்பு தை மாதம் தொடங்குகிறது. மாசியில் எனக்கு ஐம்பது முடிகிறது. அதற்கடுத்த வகுப்பு எனக்குக் கிடையாது. ஆகவே இது ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒரு பச்சை வரி போனால் நான் உள்ளே. போகாவிட்டால் நீங்கள் கொடுத்த வேலையோடு நான் சாகும்வரை வேலை இல்லாமல் இருக்க வேண்டியதுதான்.

இந்த மாதக் கடைசியில் ஆவடியில் மறுபடியும் முகாம் என்று ஸ்டேஷன் வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். போன தடவை எடுத்த போட்டோவைத்தான் பேனரில் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பது நான்தான். நீலக் கட்டம் தெரிகிறது.

வருகிறேன். அதே சட்டையில், முன்வரிசையில் இருப்பேன். படியில் நிற்கும் பெண்ணிடம் இந்த முறை பேனா வாங்க மாட்டேன். நீங்கள் மைக்கைப் பிடித்து எண்ணைச் சொல்லும்போது எழுந்து நிற்பேன். தனியாக ரூமுக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டாம், அதெல்லாம் ஆகிவிட்டது. என் பெயரை மூன்று முறை மைக்கில் வாசித்தீர்கள், நாலாவது முறையும் அதே மைக்கில் வாசியுங்கள். அம்பத்தூரில் எனக்குக் கொடுத்த வேலை எந்தத் தெருவில், எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். இருக்கிறது என்றால் மறுநாள் காலையே போய் நிற்கிறேன். இல்லை என்றால், இல்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த ஆணை செல்லாது என்ற அந்த ஒரு வரியை அங்கேயே மேடையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.